மக்காச்சோளக் கணப்பு

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

சுகந்தி சொல்லி அனுப்பிய ஆள் நீங்கள்தானே? கீழ்க்கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர். நேற்றே போன் செய்தாள். "அப்பா, அவர் வந்தா அடுப்பைக் காட்டுங்க. எரிஞ்சு விழாதீங்க" என்றாள். பெற்ற மகள் பேசுகிற பேச்சு. நான் யார்மேலும் எரிந்து விழுகிறவன் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன். கேட்காததைச் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்.

அடுப்பு இதுதான். தொட்டுப் பாருங்கள், சுடாது. காலையிலேயே அணைத்துவிட்டேன். மேலே இருப்பது தொட்டி. அதில் மக்காச்சோளத்தைக் கொட்டினால் அடியில் இருக்கிற ஸ்குரூ மெதுவாகச் சுழன்று நாலைந்து மணியாகத் தீக்குள் தள்ளும். பக்கத்தில் புளோயர். பின்னால் சுவரைத் துளைத்து வெளியே போகிற குழாய். விறகு இல்லை, கரி இல்லை. மார்கழியில்கூட இந்த அறையில் பனியனோடு உட்காரலாம்.

விலை அப்புறம். விற்கிறேனா என்பதே அப்புறம். இந்த அடுப்பு வாசலைத் தாண்டி வெளியே போனால்தான் என் மனைவி வாசலைத் தாண்டி உள்ளே வருவாளாம். அப்படிச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூரில் மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், நாலு மாதமாக. யாருக்காக இதைச் செய்தேனோ அவளே. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நான் நம்பிய ஆட்களிடம்.

டீ குடிப்பீர்களா? நானே போட்டால் சர்க்கரை கூடிப்போகிறது. வேண்டாமா, நல்லது.

முப்பத்தாறு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் ஃபிட்டர் நான். நஞ்சுண்டன் என்று பேர் சொன்னால் இந்த மலையில் பழைய ஆட்களுக்குத் தெரியும். வேணிக்கு, கமலவேணி, என் மனைவி, அவளுக்கு மூச்சு இழுக்கும். விறகுப் புகை ஆகாது. குமுட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்தோம், அதுவும் ஆகவில்லை. குன்னூர் டாக்டர் சொன்னார், வீட்டுக்குள் புகையே கூடாது, குளிரும் கூடாது என்று. இரண்டும் கூடாதென்றால் இந்த ஊரில் எப்படிக் குடியிருப்பது?

எங்கள் பழைய மேனேஜர் பங்களாவில் ஒரு சோள அடுப்பு இருந்தது, வெளிநாட்டுச் சாமான். ஒரு தடவை ரிப்பேருக்குப் போயிருந்தேன். பிரித்தேன், நூல் வைத்து அளந்தேன், மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரிட்டயரான வருஷமே பழைய டிரையரில் கழித்த விசிறி, தகடு, இரண்டு பேரிங், ஒரு சின்ன மோட்டார் எல்லாம் சேர்த்து இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து ஐந்து மாதத்தில் செய்தேன். யாரையும் கேட்கவில்லை. வெல்டிங்கைப் பாருங்கள், பிசிறு இருக்கிறதா? பதினோரு வருஷம் ஆகிறது.

முதல் நாள் பற்றவைக்கும்போது வேணி பக்கத்தில் நின்றாள். கையில் ஒரு பிடி சோளத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க, திங்கற பொருளைத் தீயில போடலாமுங்களா?"

"கோழி திங்கிறது. நீயா திங்கறே?"

"கோழி தின்னா முட்டையாவது போடும்."

அப்படித்தான் பேசுவாள். வாயில்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு அறை சூடானதும் ஒரு மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து தூங்கிப்போனாள். போர்வை இல்லாமல். அதைப் பார்த்த பிறகு நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. தானியத்தைக் கொளுத்துகிறான் என்று தெருவே பேசியது. பேசட்டும் என்று விட்டேன்.

இப்போது சோளத்துக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள். அடுப்பு வாங்குகிறவர் சோளம் தெரியாமல் வாங்கக் கூடாது.

சோளம் வாங்குவது எல்லாருக்கும் வராது. மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விடவேண்டும். உள்ளே வெதுவெதுப்பு இருந்தால் ஈரம் என்று அர்த்தம், திருப்பி அனுப்பு. ஒரு மணியைக் கடித்தால் பல்லுக்குக் கீழே டக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. அதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் சோளத்தைப் போட்டு, வறுத்த உப்பு ஒரு கரண்டி போட்டுக் குலுக்கு. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம். ஈரச் சோளம் எரியாது, கருகிக் கட்டியாகித் தீச்சட்டியில் அப்பிக்கொள்ளும். இதெல்லாம் நானே கற்றுக்கொண்டது. வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்றியது கிடையாது. கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விற்றது வெள்ளியங்கிரி. காரமடைப் பக்கம் கிடங்கு வைத்திருக்கிறான். கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் கொடுக்கிற வியாபாரம். அந்தக் காலத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு விறகு லாரி ஓட்டியவன். லாரி பள்ளத்தில் இறங்கிய அன்றைக்கு அவன் காலை இழுத்து வெளியே எடுத்தவன் நான். அதிலிருந்து "அண்ணா, அண்ணா" என்று கூடவே நின்றவன். ஐப்பசி பிறந்தால் அவன் வண்டி இங்கே வந்து நிற்கும். முதலில் பதினாறு மூட்டை. பிறகு இருபது. இப்போது இருபத்துநாலு.

வாங்குவது என் வேலை. சுத்தம் செய்வது வீட்டு வேலை. அது வேணி பார்த்துக்கொள்வாள்.

என்ன சுத்தம் என்றா கேட்கிறீர்கள்? அதுதான் எல்லாமே. களத்திலிருந்து வருகிற சோளத்தில் சக்கைத் துணுக்கு இருக்கும், கல் இருக்கும், வெங்காயச் சருகு மாதிரிச் சிவப்பாக ஒரு செதில் இருக்கும். அது ஸ்குரூவில் போய் அடைத்தால் மோட்டார் முனகும், தீ அணையும். அதனால் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து முதலில் பெரிய சல்லடை, பிறகு சின்னச் சல்லடை, அப்புறம் முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும். மூட்டைக்கு அரை நாள் ஆகும். கொட்டகைக்குக் கதவு உண்டு, சன்னல் கிடையாது. சன்னல் வைத்தால் மழைச் சாரல் அடித்துச் சோளம் நமுத்துவிடும். யோசித்துத்தான் வைக்கவில்லை.

அவள் சுத்தம் செய்து முடித்ததும் நான் போய்ப் பார்ப்பேன். என் வெள்ளை வேட்டியை விரித்து, நடுவில் ஒரு பிடி சோளத்தைப் போட்டு ஆட்டுவேன். வேட்டியில் கறை விழுந்தால் திரும்பச் சலி. தொழிற்சாலையில் எங்கள் பெரிய மேஸ்திரி அப்படித்தான், துடைத்த மெசினை வெள்ளைத் துணியால் தடவிப் பார்ப்பார். தரம் என்றால் அதுதான் தரம்.

"ஏனுங்க, இது பத்தாதுங்களா?"

"பத்தாது. கறை இருக்குது பாரு."

"என்ற கண்ணுக்குத் தெரியலீங்க."

"எனக்குத் தெரியுது."

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்னைக்கூட இத்தனை உத்துப் பாக்கலீங்க நீங்க. சோளத்துக்கு வந்த யோகம்."

சொல்லிவிட்டுத் திரும்பச் சலிப்பாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொள்வாள், கண் மட்டும் தெரியும். நான் ஒரு நாளும் கையை ஓங்கினதில்லை, குரலைத்தான் ஓங்கியிருக்கிறேன். அது எல்லா வீட்டிலும் உண்டு.

ஆனால் பாருங்கள், அடுப்பு வந்தும் அவள் மூச்சு சரியாகவில்லை. முதல் இரண்டு வருஷம் தேவலை. அப்புறம் ஐப்பசி வந்தால் இருமல் ஆரம்பிக்கும். கார்த்திகை, மார்கழியில் பேசவே முடியாமல் இரைக்கும். தை போய் மாசி வந்தால் இறங்கும். சித்திரை, வைகாசியில் ஒரு இருமல் இருக்காது, பாட்டுக்கூட முணுமுணுப்பாள். அதனால்தான் சொல்கிறேன், குளிர்தான் காரணம். குளிர் கூடுகிறது, இருமல் கூடுகிறது. நானும் விடவில்லை, அடுப்பைக் கூட்டினேன். பதினாறு மூட்டை இருபதானது அப்படித்தான். இருபது இருபத்துநாலானதும் அப்படித்தான். எந்தப் புருஷன் செய்வான்?

ஒரு வருஷம் கேட்டாள். "ஏனுங்க, இந்த வாட்டி மூட்டையைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமே?"

"உனக்காகத்தானே வாங்கறேன்!" என்றேன்.

சல்லடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள்.

இந்த ஆவணியில் பேத்திக்குக் காது குத்து. கோயமுத்தூர் போனோம். நான் மூன்றாம் நாள் திரும்பிவிட்டேன், எனக்கு அந்த வெயில் ஆகாது. வேணி இருந்துவிட்டு வரட்டும் என்று விட்டேன். ஐப்பசியில் சோளம் வருவதற்குள் வந்துவிடுவாள் என்று கணக்கு. சுகந்தி சும்மா இருந்தாளா? யாரோ ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போயிருக்கிறாள். அப்புறம் போன்.

"அப்பா, டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. வீட்டுல என்ன வேலை செய்வீங்கன்னு. அம்மா சொன்னாங்க. சொல்லச் சொல்ல அவங்க எழுதறதை நிறுத்திட்டாங்க."

"எழுதறதை நிறுத்தினா?"

"அம்மா இனிமே அந்தச் சோளத்துப் பக்கமே போகக் கூடாது."

"புகையே வராத அடுப்புடி அது. வெள்ளைக் காகிதத்தைக் குழாய்கிட்டப் பிடிச்சாக்கூடக் கறுக்காது."

"நான் புகையைச் சொல்லலைப்பா. தூசி."

"புகையில்லாத அடுப்பை எந்த டாக்டர் குத்தம் சொல்றது? கூட்டிட்டு வா, நான் காட்டறேன்."

"அப்பா, தூசி. தூசின்னு சொல்றேன்."

படித்த பெண். அடுப்பைப் பார்க்காமலே அடுப்பைக் குறை சொல்கிற டாக்டரை நம்புகிறாள். சரி, போனை அம்மாவிடம் கொடு என்றேன். கொடுத்தாள். வேணி நிதானமாகப் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன்.

"அடுப்பு இருந்தா சோளம் வரும். சோளம் வந்தா நீங்க வேட்டியை விரிப்பீங்க. அடுப்பை எடுத்துட்டுச் சொல்லுங்க, வர்றேன். அதுவரைக்கும் நான் வர்லீங்க."

நாற்பத்து மூன்று வருஷத்தில் வரமாட்டேன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு இந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் கண்ணில் பொறி விழ விழ உட்கார்ந்து செய்த அடுப்பு. அவளுக்கு இது வேண்டாமாம்.

திரும்பப் போன் செய்து சொன்னேன். "நீ தொட வேண்டாம். நானே சலிச்சுக்கறேன். என்னமோ மலையைத் தூக்கற வேலை மாதிரிப் பேசறே." போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். சுகந்திதான், "சரிப்பா, ஒரு வருஷம் சலிச்சுப் பாருங்க" என்றாள். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்போது கவனிக்கவில்லை.

ஐப்பசியில் சோளம் வந்தது. இறக்கினார்கள். கையை விட்டுப் பார்த்தேன், கடித்துப் பார்த்தேன், உப்புப் போட்டுக் குலுக்கினேன். ஈரம் இல்லை. வெயிலில் நல்ல காய்ச்சல். மறுநாள் காலையில் கொட்டகைக்குள் போய் முதல் மூட்டையைப் பிரித்துச் சல்லடையில் கொட்டினேன்.

ஐயா, தூசி என்றால் அப்படி ஒரு தூசி! மாவு மில்லுக்குள் தலையை விட்டது மாதிரி. எதிர்ச் சுவர் தெரியவில்லை. நாலு ஆட்டு ஆட்டியிருப்பேன், இருமல் பிடித்துக்கொண்டது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண், மூக்கு, காது எல்லாம் மஞ்சள். துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பப் போனேன். துண்டுக்குள்ளேயும் வந்தது. அரை மூட்டை முடிப்பதற்குள் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெள்ளியங்கிரி என்னை ஏமாற்றிவிட்டான்.

நீங்களே சொல்லுங்கள். பதினோரு வருஷம் அவன் சோளத்தை நான் பார்த்திருக்கிறேன். வேட்டியில் போட்டால் பொன்மணி மாதிரி உருளும். கழுவி வைத்தது மாதிரி இருக்கும். இந்த வருஷம் களத்துக் குப்பையைக் கூட்டி அள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறான். வயசாகிவிட்டது, கிழவனுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. கால் போக இருந்தவனை இழுத்துப் போட்டதற்கு இதுதான் மரியாதை.

என்ன? இல்லை, முன்னால் வந்த மூட்டைகளைப் பிரிக்கும்போது நான் கொட்டகைக்குப் போனதில்லை. சலித்த பிறகுதான் போவேன். அதற்கென்ன? சோளம் சோளம்தானே. குறுக்கே பேசாதீர்கள்.

அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். ஒரு பையில் அந்தக் குப்பையைப் போட்டு எடுத்துக்கொண்டேன், அவன் மேசையில் கொட்டுவதற்கு. பர்லியாறு வளைவுகளில்கூட இருமல் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

கொட்டினேன். அவன் கணக்கெழுதும் மேசையிலேயே. வெள்ளியங்கிரி எழுந்து நின்றான். வேட்டி மடிப்பெல்லாம் தூசி. தட்டிக்கூட விடவில்லை.

"உக்காருங்கண்ணா."

"உக்கார வரலை. இது என்னடா?"

"சோளத்துத் தூசிங்க."

"பதினோரு வருஷமா வராதது இந்த வருஷம் எப்படி வந்துது?"

"வராதா? வருஷா வருஷம் வந்துதானுங்கண்ணா இருந்துச்சு. அதே காடு, அதே களம், அதே கதிர் அடிக்கிற மெசின்."

"பொய் சொல்லாதே. நான் பாத்திருக்கறேன்."

"நீங்க எதைங்கண்ணா பாத்தீங்க? அண்ணி சலிச்சு வெச்சதைப் பாத்தீங்க."

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எனக்கு இருமல். அவன் தண்ணீர் கொடுத்தான். வாங்கவில்லை. அப்போதுதான் சொன்னான். நான் கேட்காமலே சொன்னான்.

"சொல்லக் கூடாதுன்னு அண்ணி சத்தியம் வாங்கியிருந்தாங்க. இனிமே என்ன. மூணு வருஷமா நான் இங்க சல்லடை மெசின்ல ஒரு ஓட்டம் ஓட்டித்தானுங்க உங்களுக்கு அனுப்பினேன். அண்ணி போன் பண்ணிக் கேட்டாங்க. பாதித் தூசியாவது கொறையும்னு."

"என்ற சோளத்தை மெசின்ல போட்டியா?"

"ஆமாங்க."

"மெசின்ல போட்டா மணி உடையும். உடைஞ்சா ஸ்குரூவுல அடைக்கும். உனக்குத் தெரியுமல்ல? எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவீங்கன்னாங்க."

"நிறுத்தத்தான் சொல்லுவேன்!"

"அதனாலதானுங்கண்ணா சொல்லலே."

எப்படி இருக்கிறது? மூன்று வருஷம். என் அடுப்பு, என் சோளம். எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் போனில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று வருஷமாக ஸ்குரூ ஏன் அடைக்கிறது, ஏன் அடைக்கிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். குளிரில் மல்லாந்து படுத்துக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். உடைந்த சோளத்தை எடுத்துக் காட்டி அவளைத்தான் திட்டினேன். "சலிக்கக்கூட ஒழுங்காத் தெரியலையா உனக்கு? கண்ணு போச்சா?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அத்தனையும் கேட்டுக்கொண்டு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரணம் தெரியும் அவளுக்கு. ஒரு வார்த்தை வாயைத் திறந்தாளா? இதற்குப் பேர் என்ன? துரோகம் இல்லாமல் வேறென்ன?

இன்னும் இருக்கிறது. "சரி, அப்போ இந்த வருஷம் ஏன் இத்தனை குப்பை?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனியவில்லை. நேராகவே பார்த்தான்.

"இந்த வருஷம் மெசின்ல போடலீங்க. அண்ணி மலையில இல்லை, அண்ணனே சலிக்கப் போறாருன்னு சுகந்தி சொல்லுச்சு. களத்துலிருந்து வந்ததை அப்படியே ஏத்திவிட்டேன்."

"வேணும்னே?"

"ஆமாங்கண்ணா. வேணும்னேதான்."

பாருங்கள், ஒப்புக்கொண்டான். மகளும் கூட்டு. மூன்று பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் நடத்துகிறார்கள், எழுபத்திரண்டு வயசில். "இனி என் வாசல்ல உன்ற வண்டி வந்து நின்னா டயரைக் கிழிச்சுருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான், அந்தக் காலை இழுத்துக்கொண்டு. டிக்கெட் எடுத்துக் கையில் திணித்தான். நான் பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை.

இப்போது ஒன்பது மூட்டை முடித்திருக்கிறேன். பதினைந்து பாக்கி. விடுவேனா? முடியாது என்று காட்டத்தானே அவர்கள் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்குக் கால் மூட்டை, அதற்குமேல் ஓடவில்லை. வேட்டி விரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எனக்கே நான் பார்ப்பதாவது. லேசாகக் கறை இருந்தாலும் எரியத்தான் எரிகிறது. அது இத்தனை வருஷம் தெரியவில்லை.

இந்த இருமலா? பனி. இந்த வருஷம் பனி அதிகம். வேணி வாயில் வைத்து இழுக்கிற மருந்து, பழையது ஒன்று அலமாரியில் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் கேட்கிறது. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. அவள் இதை எட்டு வருஷம் இழுத்தாள். இழுத்த கையோடு கொட்டகைக்குப் போவாள். ஆமாம், மருந்தை மடியில் செருகிக்கொண்டுதான் போவாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அது ஞாபகம் வருகிறது.

அது கிடக்கட்டும். உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். எடுத்துக்கொள்கிறீர்களா? விலை நீங்களே சொல்லுங்கள், நான் பேரம் பேச மாட்டேன். எந்த அறையில் வைப்பீர்கள்? கூடத்திலா, நல்லது. குழாயை வடக்குப் பார்த்து வையுங்கள், காற்று எதிர்த்து அடிக்காது. கரண்டு போனால் பாட்டரி வேண்டும். தீச்சட்டியைத் தினம் சுரண்ட வேண்டும். சோளம் எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், வெள்ளியங்கிரியிடம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காய்ச்சல் சோளம்தான் கொடுப்பான், அதில் குறை சொல்ல முடியாது.

சுத்தம் செய்வது யார்?

அதாவது உங்கள் ஹோம்ஸ்டேயில் சோளத்தைச் சலிக்கப்போவது யார்? நீங்களா? நீங்கள் இல்லை. பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவா. சரி. அந்த அம்மா பேர் என்ன? தெரியாதா. எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவீர்களா. என்ன வயசு? எங்கே உட்கார்ந்து சலிப்பாள், வெளியிலா, ஸ்டோர் ரூமிலா? ஸ்டோர் ரூமில். அதற்குச் சன்னல் இருக்கிறதா? அவளுக்கு இருமல் உண்டா?

கேட்டதில்லை. ஆமாம். கேட்டிருக்கமாட்டீர்கள்.

அடுப்பு உங்களுக்கு இல்லை.

இல்லை என்றால் இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் இல்லை. கோபப்படாதீர்கள், மலையேறி வந்தீர்கள், உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன், அது தப்புத்தான். ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டுக்குக் காசு போகும், போகட்டும். மூச்சுக்கு முன்னால் அது பெரிதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். நான்தான் சொன்னேனே, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் நான் இல்லை.

என்ன, முதலில் அப்படிச் சொல்லவில்லையா? சரி, இப்போது சொல்கிறேன்.

எங்கே கிளம்பிவிட்டீர்கள்? வந்ததுதான் வந்தீர்கள், ஒரு கை கொடுத்துவிட்டுப் போங்கள். வெளியே ஜீப்பில் டிரைவர் இருக்கிறாரா? அவரையும் கூப்பிடுங்கள். எண்பது கிலோ இருக்கும். இந்தக் குழாயை முதலில் கழற்றுகிறேன். அந்த ஸ்பானரை எடுங்கள். அது இல்லை, பக்கத்தில் இருக்கிற பெரியது. ஆங். இந்த நட்டை இறுக்கும்போது வேணிதான் விளக்குப் பிடித்தாள். அப்போதே சொன்னாள், இத்தனை இறுக்கினா அப்புறம் கழட்ட வராதுங்க என்று. வரவில்லை பாருங்கள். கொஞ்சம் எண்ணெய் விடுவோம். நெஞ்சு இரைக்கிறது, ஒரு நிமிஷம் இருங்கள்.

ம். வந்துவிட்டது.

நீங்கள் அந்த முனை. டிரைவர் தம்பி, நீங்கள் நடுவில். நிலைப்படியில் பார்த்து. கொட்டகைக்கு வேண்டாம், நேராக வெளியே, அந்தப் பலாமரத்துப் பக்கம். மழையில் நனையட்டும், துருப்பிடித்தால் பிடிக்கட்டும். ஸ்குரூவை நான் தனியாகக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் யாராவது தூக்கிப்போய் எரிய வைப்பான், அவன் வீட்டில் யாராவது சலிப்பாள்.

போதும், வையுங்கள். நிமிர்த்தி வைக்க வேண்டாம். சாய்ந்தே கிடக்கட்டும்.

இன்னும் ஒரு உதவி. சுகந்திக்கு நீங்களே போன் செய்யுங்கள். அடுப்பு போய்விட்டது என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே போனது என்று கேட்டால் நீங்கள் வாங்கிக்கொண்டதாகச் சொல்லுங்கள். நானாக எடுத்துப் போட்டேன் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மூன்று பேருக்கும் கொண்டாட்டமாகிவிடும். அப்படியே அந்த வெள்ளியங்கிரிக்கும் ஒரு போன், இந்த நம்பர்தான். மிச்சம் பதினைந்து மூட்டையைக் கோழிக்காரர்களுக்கு எடுத்துப் போகட்டும். வண்டி வாசலில் நிற்கலாம் என்று சொல்லுங்கள். நான் பேசமாட்டேன். பேசினால் அவன் அண்ணா என்பான், எனக்கு ஆகாது.

சுகந்தி எடுத்துவிட்டாளா? சொல்லிவிட்டீர்களா? என்ன சொல்கிறாள்?

வேணியா? அவளே வாங்கிப் பேசுகிறாளா?

இல்லை, என்னிடம் வேண்டாம். நீங்களே கேளுங்கள். இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸா, நாளைக் காலையா என்று கேளுங்கள். நான் மேட்டுப்பாளையம் வரைக்கும் வருவேனா என்று கேட்டால், வருவார் என்று சொல்லுங்கள். அப்புறம் சுகந்தி வீட்டில் இருக்கிற கனத்த கம்பளி இரண்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஆமாம், இரண்டு. இந்த வீடு இனிமேல் குளிரும் என்று சொல்லுங்கள்.